கொழும்பின் உதைபந்தாட்ட வரலாற்றை எங்கிருந்து எழுதத் தொடங்குவது?

ஜம்பட்டாவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

கொட்டாஞ்சேனையில் உள்ள எங்கள் வாசிகசாலை வெளியிடவிருக்கும் ஆண்டு மலருக்காக, கொழும்பின் உதைபந்தாட்டத்தைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதும் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது. மகிழ்ச்சியோடுதான் ஏற்றுக்கொண்டேன். ஆனால் குறிப்புகளைச் சேகரித்து வரிசைப்படுத்திப் பார்த்தபோது, எழுத வேண்டியது எதுவோ அது அந்த வரிசைக்குள் அகப்படவில்லை என்ற எண்ணமே மேலோங்குகிறது.

தேசிய அணியின் கதையை இரண்டு பக்கங்களில் சொல்லி முடித்துவிடலாம். பிரித்தானியப் படையினர் காலிமுகத்திடலிலும் எச்செலன் சதுக்கத்திலும் ஆடிய ஆட்டத்தை நகரத்து இளைஞர்கள் கற்றுக்கொண்டார்கள். 1939 இல் இலங்கை உதைபந்தாட்டச் சங்கம் உருவானது. 1952 இல் இந்தியா, பாகிஸ்தான், பர்மா ஆகிய நாடுகளோடு நாமும் பங்குபற்றிய நாற்கோணச் சுற்றுப்போட்டி கொழும்பிலேயே நடந்தது. 1995 இல் சுகததாச விளையாட்டரங்கில் இந்தியாவை வென்று தெற்காசியத் தங்கக் கிண்ணத்தைக் கைப்பற்றினோம். 2006 இல் டாக்காவில் ஆசிய சவால் கிண்ண இறுதியாட்டம் வரை சென்று தஜிகிஸ்தானிடம் 4-0 என்று தோற்றோம். இவற்றுக்கு இடைப்பட்ட ஆண்டுகளை நிரப்ப முற்பட்டால் அது பெரும்பாலும் தோல்விகளின் அட்டவணையாகவே அமைகிறது. கட்டுரையின் முன்வரைவை வாசித்த நண்பர் ஒருவர், "கிரிக்கெட்டுக்கு வரலாறு இருக்கிறது, உதைபந்தாட்டத்துக்கு வெறும் ஆசைதான் இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு அந்தக் கூற்றில் உடன்பாடில்லை. உலகக்கிண்ணக் காலத்தில் வட கொழும்பில் எந்தத் தெருவில் நடந்தாலும் பிரேசில், ஆர்ஜென்டீனாக் கொடிகள் மின்கம்பிகளுக்குக் குறுக்காகத் தொங்குவதைக் காண்கிறோம். எங்கள் பகுதியில் எழுபது வயதைக் கடந்த எவரிடம் பேசினாலும், தம் திருமண ஆண்டைச் சற்று யோசித்துச் சொல்பவர்கூட, இன்ன கழகத்தை இன்ன கழகம் வென்ற ஆண்டைத் தயங்காமல் சொல்கிறார். ஆகவே வரலாறு இருக்கிறது. அது தேசிய அணியின் பெறுபேறுகளில் இல்லை என்பதே என் கருத்து. அப்படியானால் அது எங்கே இருக்கிறது, அதை எந்த முனையிலிருந்து பிடித்து எழுதுவது என்பதுதான் என் கேள்வி. கழகங்களைக் கொண்டு எழுதுவதா, பாடசாலைகளைக் கொண்டு எழுதுவதா, அல்லது மைதானங்களைக் கொண்டா? உங்கள் குடும்பங்களிலும் அயலிலும் பேசப்பட்டவற்றையும் அறியத் தந்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

---

பழைய கொட்டாஞ்சேனையான் எழுதியது:

தம்பிக்கு வணக்கம்.

என் பதில் சுருக்கமானது: ஒழுங்கையிலிருந்து தொடங்குங்கள். விளக்கம் மட்டும் சற்று நீளும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கொழும்பில் கிரிக்கெட்டுக்கு ஆரம்பத்திலிருந்தே வேலியும் பந்தலும் இருந்தன. பெரிய கல்லூரிகள் அதைத் தம் அடையாளமாக வளர்த்தன. றோயல், புனித தோமையர் கல்லூரிகளின் பெரும்போட்டி 1879 முதல் தொடர்கிறது என்றால், அதற்குப் பின்னால் மைதானம், பயிற்றுநர், பழைய மாணவர் சங்கம், நன்கொடை, பத்திரிகைப் பக்கம் எல்லாம் அணிவகுத்து நிற்கின்றன என்று பொருள். உதைபந்தாட்டம் அப்படி வளரவில்லை. துறைமுகத்தில் வேலை செய்தவர்களும் புறக்கோட்டைக் கடைகளில் நின்றவர்களும் அச்சகங்களில் எழுத்துக் கோத்தவர்களும் மாலை ஐந்து மணிக்குப் பின்னர் கிடைத்த வெளிச்சத்தில் ஆடிய ஆட்டம் அது. ஒன்றரை மணி நேரத்தில் தொடங்கி முடித்துவிடலாம், இருபத்திரண்டு பேருக்கு ஒரே ஒரு பந்து போதும், சம்பளம் இழந்து விடுமுறை எடுக்கத் தேவையில்லை. எங்கள் பகுதியில் அது வேரூன்றியதற்கு நான் வேறு காரணம் தேட மாட்டேன். வீரம், மரபு, இரத்தத்தில் ஊறியது என்றெல்லாம் சிலர் எழுதுவார்கள். நேரமும் செலவுமே முதற்காரணங்கள்.

நான் சிறுவனாக இருந்த அறுபதுகளில் எங்கள் ஒழுங்கையில் பெரும்பாலானவர்கள் வெறுங்காலோடுதான் ஆடினார்கள். தோல் பந்துக்குள் இறப்பர் பிளாடரை வைத்து, காற்று நிரப்பி, வாயை வார் கொண்டு இறுக்கிக் கட்டுவார்கள். மழையில் நனைந்த பந்து கல்லாகக் கனக்கும். வார் முடிச்சு இருக்கும் பக்கம் நெற்றியில் பட்டால் தோல் கிழிந்துவிடும். தலையால் முட்டக் கூடிய பந்து எது, விட்டுவிட வேண்டிய பந்து எது என்பதைப் பறக்கும்போதே கண்டுகொள்ளும் கலையை அன்றைய ஆட்டக்காரர்கள் அப்படித்தான் கற்றார்கள். சப்பாத்து தைக்கும் தொழிலாளி ஒருவர் ஜம்பட்டா வீதி முனையில் இருந்தார். கிழிந்த பந்தை அவரிடம் கொடுத்தால், சனிக்கிழமை ஆட்டம் இருக்கிறதா என்று முதலில் கேட்பார். இருந்தால் மற்ற வேலைகளைத் தள்ளி வைத்துவிட்டு அதைத் தைப்பார். காசு வாங்குவதும் வாங்காமல் விடுவதும் முந்திய வாரப் பெறுபேற்றைப் பொறுத்தது.

கழகங்கள் அந்த ஒழுங்கைகளிலிருந்தே முளைத்தன. முதற்தர லீக் கிண்ணத்தை மற்ற எல்லோரையும்விட அதிக தடவை வென்ற சோண்டர்ஸ் கழகம், ரினோன் கழகம், எங்கள் கொட்டாஞ்சேனையின் ரட்ணம் விளையாட்டுக் கழகம், புனித பெனடிக்ற் கல்லூரியின் பழைய மாணவர்கள் ஆடிய ஓல்ட் பென்ஸ் ஆகிய பெயர்களைக் கேட்டவுடனேயே எங்கள் தலைமுறைக்குத் தெருக்களும் முகங்களும் நினைவுக்கு வரும். ஒரே அணியில் கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் கோவிலுக்கு மெழுகுதிரி ஏற்றிவிட்டு வந்தவரும், பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலில் விபூதி பூசிக்கொண்டு வந்தவரும், ஜும்ஆத் தொழுகை முடித்து வந்தவரும் நின்றார்கள். திடலில் அவர்கள் பேசிய மொழி தமிழும் சிங்களமும் கலந்த ஒன்று. வசைச் சொற்களில் மட்டும் போர்த்துக்கேயம் வரை போனது.

அந்த வாழ்க்கையை 1983 ஜூலை முறித்தது. எங்கள் ஒழுங்கை அணியின் பந்துக்காப்பாளர் ஒரு தமிழர். வீடு எரிந்த பின்னர் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி முகாமில் சில நாட்கள் இருந்தார். அங்கிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலேறினார். பின்னர் கனடா சென்றார். அவருக்குப் பதிலாக வேறொருவர் கம்பங்களுக்கு நடுவே நின்றார், ஆட்டங்களும் நடந்தன. ஆனால் பின்வரிசையில் நிற்பவனுக்குப் பின்னாலிருந்து வரும் அந்தக் குரல் பழகிப்போன ஒன்று; "விடு, என்னுடைய பந்து" என்று அவர் தமிழில் கத்தினால் சிங்களப் பின்காப்பாளர் திரும்பிப் பாராமலே ஒதுங்குவார். புதிதாக வந்தவர் நல்ல ஆட்டக்காரர்தான், என்றாலும் அந்தப் பருவம் முழுவதும் எங்கள் பின்காப்பாளர் திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே ஆடினார். உங்கள் கட்டுரையில் 1983 பற்றி ஒரு வரி வர வேண்டும் என்றால், எத்தனை வீடுகள் எரிந்தன என்பதோடு எந்தெந்த அணிகளில் யார் யார் இல்லாமற் போனார்கள் என்பதையும் எழுதுங்கள்.

1995 இறுதியாட்டத்தை நான் சுகததாச அரங்கில் நேரில் பார்த்தேன். கூடுதல் நேரத்தில் தங்கக் கோல் ஒன்றினால் 1-0 என்று முடிந்த ஆட்டம் அது; அந்த முறைப்படி கோல் விழுந்த கணத்திலேயே ஆட்டமும் முடிந்துவிடும், எதிரணிக்குத் திருப்பி அடிக்க ஒரு நிமிடமும் கிடையாது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் அரசுக்கும் புலிகளுக்கும் இடையில் போர்நிறுத்தம் நடைமுறைக்கு வந்திருந்தது. சோதனைச் சாவடிகளில் கெடுபிடி குறைந்திருந்த அந்தச் சில மாதங்களுக்குள் அந்தச் சுற்றுப்போட்டி அமைந்தது தற்செயல்தான். ஆனாலும் அன்றிரவு ஆமர் வீதிச் சந்தியில் யாரும் அடையாள அட்டை கேட்காமல் நடந்து வந்ததையும் அந்தக் கோலையும் என்னால் பிரித்து நினைக்க முடிவதில்லை. சில வாரங்களுக்குள் போர் மீண்டும் மூண்டது. மறு ஆண்டு மார்ச்சில் லாகூரில் கிரிக்கெட் உலகக்கிண்ணத்தை வென்றோம். அதன் பின்னர் தொலைக்காட்சியும் விளம்பரப் பணமும் எந்தப் பக்கம் போயின என்பதை நான் சொல்லத் தேவையில்லை. நாட்டுக்கு உதைபந்தாட்டத்தில் கிடைத்த மிகப் பெரிய வெற்றி ஓர் ஆண்டுகூட நினைவில் நிற்கவில்லை. கிரிக்கெட்டின் மீது எனக்கு மனக்குறை எதுவும் இல்லை, நானும் அன்று பட்டாசு கொளுத்தினேன். வரலாறு எப்படி மறக்கப்படுகிறது என்பதற்கு ஓர் உதாரணமாகவே சொல்கிறேன்.

---

கொம்பனித்தெருப் பேத்தி எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம்.

ஐயா எழுதியதை வாப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். வட கொழும்பார் எப்போதும் உதைபந்தாட்டம் தங்களுடைய சொத்து என்றே பேசுவார்கள் என்று சிரித்தார். எனவே எங்கள் பக்கத்தையும் பதிவுசெய்வது என் கடமையாகிறது.

கொம்பனித்தெருவின் ஆட்டம் துறைமுகத்திலிருந்து வந்ததல்ல, படைமுகாமிலிருந்து வந்தது. ஒல்லாந்தர் காலத்தில் கிழக்கிந்தியத் தீவுகளிலிருந்து கொண்டுவரப்பட்ட மலாயர்கள் பின்னர் பிரித்தானியரின் இலங்கை ரைபிள் படைப்பிரிவில் சேவை செய்தார்கள். அந்தப் படைப்பிரிவு 1873 இல் கலைக்கப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டிலேயே கொழும்பு மலே கிரிக்கெட் கழகம் தோன்றிவிட்டது. சிப்பாய்களாக இருந்தவர்கள் பொலிஸ்காரர்களாகவும் தீயணைப்பு வீரர்களாகவும் எழுதுவினைஞர்களாகவும் மாறினார்கள், அணியாகச் சேர்ந்து ஆடும் பழக்கம் மட்டும் அவர்களை விட்டுப் போகவில்லை. எங்கள் பகுதியில் கிரிக்கெட்டும் ஹொக்கியும் உதைபந்தும் ஒரே குடும்பத்துக்குள் ஆடப்பட்டதற்குக் காரணம் அதுவே. மலே வீதியில் உள்ள சிற்றி லீக் மைதானமும், இன்றும் தெருவின் பெயரையே தாங்கி நிற்கும் ஜாவா லேன் கழகமும் அந்த வரலாற்றின் தொடர்ச்சிகள். மருதானை ஸாஹிரா கல்லூரியும், 1884 இல் தோன்றிய ஹமீத் அல் ஹுஸைனி கல்லூரியும் உருவாக்கிய ஆட்டக்காரர்களைச் சேர்க்காமல் கொழும்பின் முஸ்லிம் இளைஞர்களைப் பற்றி எழுதவே முடியாது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி, இங்கு யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்லப் போகிறேன். மைதானத்துக்குள் பெண்கள் போகவில்லை என்பது உண்மை. ஆனால் ஆட்டத்தைப் பெண்கள் அறியவில்லை என்பது பொய். என் உம்மம்மா வசித்த வீடு வேகந்தப் பள்ளிவாசலுக்கு அண்மையில் மாடியோடு கூடிய பழைய வீடு. வெள்ளிக்கிழமை அசர் தொழுகைக்குப் பின்னர் ஆட்டம் இருந்தால், மைதானத்திலிருந்து எழும் சத்தத்தைக் கொண்டே கோல் விழுந்ததா, கம்பத்தில் பட்டுத் திரும்பியதா, நடுவர் தவறாக ஊதினாரா என்பதைச் சமையலறையில் இருந்தபடியே சொல்லிவிடுவார். சீருடைகளுக்கு இலக்கம் வெட்டித் தைத்தவர் அவர். ஒன்பதாம் இலக்கச் சீருடையை எப்போதும் சற்று அகலமாகத் தைக்க வேண்டியிருந்ததாம். அந்த இடத்துக்கு வருபவர்கள் உடல் பருத்தவர்களாகவே இருந்தார்களாம். தோற்ற நாட்களில் ஆண்கள் யாரும் வாய் திறக்காமல் சாப்பிடுவார்கள், அழுக்குச் சீருடைகளைத் துவைக்கப் போட்டவுடன் எவர் விழுந்து விழுந்து ஆடினார், எவர் சும்மா நின்றார் என்பது பெண்களுக்குத் தெரிந்துவிடும். நோன்பு காலத்தில் விளக்கு வெளிச்சத்தில் நடக்கும் இரவுச் சுற்றுப்போட்டிகளுக்குக் கஞ்சி காய்ச்சியவர்களும் அவர்களே. 2012 இல் தெற்காசியப் பெண்கள் சுற்றுப்போட்டி கொழும்பில் நடைபெற்றபோது உம்மம்மா உயிரோடு இருந்தார். பெண்கள் ஆடுகிறார்கள் என்பது அவருக்கு வியப்பாக இருக்கவில்லை, நம் அணியின் இடதுபக்கம் திறந்து கிடப்பதை யாரும் மூடவில்லையே என்பதுதான் அவருடைய கவலையாக இருந்தது.

இன்று அந்த வீடு இல்லை. 2010 மே மாதத்தில் மியூஸ் வீதியில் வீடுகள் இடிக்கப்பட்டதிலிருந்து தொடங்கி, எங்கள் பகுதியின் பல ஒழுங்கைகள் அடுக்குமாடிகளுக்கு இடம் விட்டன. மக்கள் தெமட்டகொடை முதல் நகரத்துக்கு வெளியேயும் சிதறிப் போனார்கள். ஆயினும் முக்கியமான ஆட்டம் ஒன்று என்றால் அவர்கள் பேருந்து பிடித்து மலே வீதிக்கு வந்து சேர்கிறார்கள். பழைய அயலவர்கள் ஒருவரையொருவர் காண்பது கல்யாண வீட்டிலும் மையித்து வீட்டிலும் அந்த மைதானத்தின் ஓரத்திலும்தான். ஆகவே ஐயா, ஒழுங்கையிலிருந்து தொடங்கச் சொல்கிறீர்கள், சரி. ஒழுங்கை இடிக்கப்பட்ட பின்னர் மைதானம் ஒன்றே மிச்சம் என்ற நிலையில் வாழ்பவர்களுக்கு எது தொடக்கம் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

---

வெள்ளவத்தை வாசகர் எழுதியது:

மேலே எழுதிய இருவருடைய பதிவுகளும் அழகானவை. அதனாலேயே எனக்குச் சற்று அச்சமாக இருக்கிறது.

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்து, 2002 இல் ஏ9 வீதி திறக்கப்பட்ட பின்னர் கொழும்புக்கு வந்தவன். கொழும்பின் உதைபந்தாட்டத்தைப் பற்றி யார் பேசினாலும் 'எல்லா இனத்தவரும் ஒன்றாக ஆடினோம்' என்ற வாசகம் வந்துவிடுகிறது. ஓர் அணிக்குள் அது உண்மையாக இருந்திருக்கலாம். ஆனால் அணிகளுக்கு இடையே நிலவியது என்ன? பாடசாலைக்குப் பாடசாலை, தெருவுக்குத் தெரு, சில வேளைகளில் மதத்துக்கு மதம் என்ற போட்டியே அது. ஆட்டம் முடிந்த பின் கல்லெறியில் போய் நின்ற கதைகளை இதே பெரியவர்கள்தான் சிரித்துக்கொண்டு சொல்வார்கள். எல்லையோரத்தில் நின்ற பார்வையாளர் நடுவரைத் துரத்தியதும் பாதியில் கைவிடப்பட்ட இறுதியாட்டங்களும் ஆண்டு மலர்களில் ஒருபோதும் வருவதில்லை.

இரண்டாவதாக, போர்க் காலத்தின் பெரும்பகுதியில் நாட்டின் உதைபந்தாட்டம் என்பது கொழும்பும் அதைச் சுற்றியுள்ள மாவட்டங்களும் ஆடிய ஆட்டமே. குருநகர், நாவாந்துறை, மயிலிட்டி, இளவாலை, மன்னார் ஆகிய இடங்களில் கடற்கரை மணலில் பழகிய ஆட்டக்காரர்களை யாரும் வந்து பார்க்கவில்லை. 1990 இல் எங்களுக்கு மின்சாரம் நின்றது. 1994 உலகக்கிண்ண இறுதியாட்டத்தில் பிரேசிலும் இத்தாலியும் கோல் எதுவுமின்றிச் சமநிலையில் முடித்து, தண்டனை உதைகளில் பிரேசில் வென்ற செய்தியை, சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையால் சுழற்றி, டைனமோவில் வானொலியை இயக்கி நாங்கள் கேட்டோம். சுழற்றுபவருக்குக் கை சோர்ந்தால் அறிவிப்பாளரின் குரலும் தேய்ந்துவிடும். அந்த நாட்களில் எங்களோடு ஆடியவர்களில் தேசிய அணிக்குத் தகுதியானவர்கள் இருந்தார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அவர்கள் அதற்குரிய வயதைக் கடந்த பின்னரே வீதி திறந்தது.

மூன்றாவது, வேலை. உதைபந்தாட்டத்தால் வாழ முடியாத நாட்டில் நல்ல ஆட்டக்காரர்கள் இராணுவம், கடற்படை, விமானப்படை, பொலிஸ் ஆகியவற்றின் அணிகளில் சேர்ந்து சம்பளமும் ஓய்வூதியமும் பெற்றார்கள். வறிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அது பெரும் வாய்ப்பு, அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் போர் நடந்த ஆண்டுகளில் அந்தக் கதவு தமிழ் இளைஞன் ஒருவனுக்கு எப்படித் தோன்றியிருக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை. தெருக்கள் எல்லாரையும் சேர்த்தன என்று எழுதுபவர்கள், நிறுவனங்கள் யாரைச் சேர்க்கவில்லை என்பதையும் எழுத வேண்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகும், கொழும்புக்கு வந்த முதல் மாதத்தில், யாரையும் அறியாத நிலையில், மாலையில் நான் போய் நின்ற இடம் ஒரு மைதானத்தின் ஓரமே. ஆள் குறைகிறது, வருகிறீர்களா என்று சிங்களத்தில் கேட்டார்கள். எனக்கு அப்போது அந்த மொழி தெரியாது, கையசைவு விளங்கியது. ஆகவே பெரியவரை நான் மறுக்கவில்லை, முழுக் கதையையும் எழுதச் சொல்கிறேன், அவ்வளவே.

---

ஜம்பட்டாவாசி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. வெள்ளவத்தை அண்ணா சொன்ன கல்லெறிக் கதைகளை எங்கள் மலர்க்குழு அச்சிட ஒப்புமா என்பது ஐயமே. சம்பந்தப்பட்டவர்களில் இருவர் வாசிகசாலையின் போசகர்கள். ஆனால் கேட்டுப் பார்ப்பேன்.

சகோதரி குறிப்பிட்ட சீருடை தைத்த பெண்களைப் போல எங்கள் பக்கத்திலும் இருந்திருப்பார்கள். அவர்களை நான் இதுவரை ஒருவரிடமும் விசாரிக்கவே இல்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. அடுத்த வாரம் முதல் அந்த வீடுகளுக்கே முதலில் போகப் போகிறேன். இன்னொரு சிக்கலும் உண்டு. நினைவிலிருந்து பேசுபவர்கள் ஒரே ஆட்டத்துக்கு வெவ்வேறு ஆண்டுகளைச் சொல்கிறார்கள், கோல் எண்ணிக்கையும் ஆளுக்கு ஆள் கூடிக்கொண்டே போகிறது. இதைச் சரிபார்க்க வழி உண்டா?

---

ஓய்வுபெற்ற ஒப்புநோக்குநர் எழுதியது:

உண்டு, பொறுமை இருந்தால்.

கொழும்பு 7 இல் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பழைய பத்திரிகைகளைப் பார்வையிடலாம். 1930 இல் தொடங்கிய வீரகேசரியும் 1932 இல் தொடங்கிய தினகரனும் உங்களுக்குப் போதுமானவை. ஆங்கில, சிங்களப் பத்திரிகைகளையும் ஒப்பிட்டால் இன்னும் நல்லது. பழைய விளையாட்டுப் பக்கங்களில் மூன்று குறைகளை எதிர்பாருங்கள். கோல் போட்டவரின் முதலெழுத்தை விட்டுவிட்டுப் பின்பெயரை மட்டும் அச்சிடுவது வழக்கம், ஆகவே சகோதரர்கள் ஒரே அணியில் ஆடிய இடங்களில் யார் என்பது தெளிவாகாது. பெயர்கள் ஆங்கிலத்திலிருந்து அவசரமாகத் தமிழாக்கப்பட்டதால் ஒரே ஆள் மூன்று எழுத்துக்கூட்டல்களில் வருவார். மழையால் பிற்போடப்பட்ட ஆட்டத்தின் முன்னறிவிப்பை நடந்து முடிந்த ஆட்டமாக எண்ணிக் குறித்துக்கொள்பவர்கள் பலர், அதிலும் கவனமாக இருங்கள்.

ஒரு விடயத்தை முன்வைக்க விரும்புகிறேன். 1952 சுற்றுப்போட்டியைப் பற்றி ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். அது நடந்த இடம் கொழும்பு ஓவல், அதாவது தமிழ் யூனியன் கழகத்தின் மைதானம், இன்றைய பி. சரவணமுத்து அரங்கு. 1948 இல் பிரட்மன் ஆடியதும், 1982 இல் இலங்கையின் முதலாவது கிரிக்கெட் டெஸ்ட் ஆட்டம் நடந்ததும் அங்கேதான்; அந்த இரண்டையும் எல்லோரும் அறிவார்கள். நம் உதைபந்தாட்ட அணி சர்வதேச அரங்கில் கால்வைத்ததும் அதே புல்லில்தான் என்பதை எத்தனை பேர் அறிவார்கள்? அந்த முதற்கிண்ணத்தை இந்தியாவும் பாகிஸ்தானும், பிரிவினை நடந்து ஐந்து ஆண்டுகள்கூட ஆகாத நிலையில், கொழும்பில் பகிர்ந்துகொண்டன. உங்கள் நண்பர் கேட்ட வரலாறு இதுதான். கிரிக்கெட்டின் வரலாற்றுக்கு அடியிலேயே அது புதைந்து கிடக்கிறது.

அண்மைக் காலத்தையும் இரங்கற்பா போல எழுதிவிடாதீர்கள். நிர்வாகச் சீர்கேட்டால் 2023 ஜனவரியில் ஃபிஃபா நம்மை இடைநிறுத்தி, ஆகஸ்டில்தான் தடையை நீக்கியது, அது வெட்கக்கேடு. ஆனால் மறு ஆண்டு செப்டெம்பரில், புலம்பெயர்ந்த குடும்பங்களில் பிறந்த இளைஞர்கள் பலர் இணைந்த அணி, ஆசியக் கிண்ணத் தகுதிகாண் சுற்றில் கம்போடியாவைச் சமநிலை தவிர்ப்பு உதைகளில் வென்று முன்னேறியது. 1983 இல் கப்பலேறிய பந்துக்காப்பாளரைப் பற்றிப் பெரியவர் எழுதியதை வாசித்தபோது, அவரைப் போன்றோரின் பேரப்பிள்ளைகளும் நாளை இந்தச் சீருடையை அணியலாம் என்றே எனக்குத் தோன்றியது.

கடைசியாக, நடைமுறைக்கு ஒன்று. வீடுகளுக்குப் போகும்போது அணிப் படங்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், ஆனால் சட்டகத்திலிருந்து கழற்றித் தரும்படி பணிவாகக் கேளுங்கள். பெயர்கள் பெரும்பாலும் பின்புறத்தில் பென்சிலால் எழுதப்பட்டிருக்கும். கிண்ணத்தோடு அமர்ந்திருப்பவர்களை எல்லோரும் அடையாளம் காட்டுவார்கள். பின்வரிசையின் ஓரங்களில் நிற்பவர்களின் பெயர்களை இப்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சுவடிகள் திணைக்களத்துக்குப் போகும் நாளை முன்கூட்டியே அறிவித்தால் நானும் வருகிறேன். அறுபதுகளின் தினகரன் விளையாட்டுப் பக்கத்தில் எழுத்து மிகச் சிறியது, ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டு வாருங்கள்.